ஓட்டோ கியர்பொக்ஸைக் கழற்றி மனுவல் போட்ட பிறகு ஐட்லிங் சீராக நிற்கவில்லையா?

எங்கள் வீட்டில் நிற்பது 1997ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110. எஞ்சின் 5ஏ-எஃப்ஈ, 1,498 சிசி, பெற்றோல். யப்பானிலிருந்து வந்த நாள் முதல் ஓட்டோ கியர். 2022இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் பங்கீடுமாக இலங்கை கிடந்தபோது கார் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது. பிறகு எடுத்து ஓட்டியபோது, கியரை டியில் போட்டால் மூன்று செக்கன் யோசித்துவிட்டுத்தான் அசையும். ஒயில் மாற்றினோம், பில்டர் மாற்றினோம், யோசனை ஐந்து செக்கனாகியது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய கார் விலையெல்லாம் வானத்தில். வேறு கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்ல ஓட்டோ பெட்டி ஒன்றுக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, ஐந்து கியர் மனுவல் பெட்டி, கிளச், பெடல், சாப்ட் எல்லாம் சேர்த்து ஒரு பழைய காரிலிருந்து எடுத்துப் போடுவது என்று முடிவானது.

கராஜ்காரர் நான்கு நாளில் போட்டுக் கொடுத்தார். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆனால் வண்டி நிற்கும்போது, அதாவது ஐட்லிங்கில், எஞ்சின் 1,600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) அலறியது. திருப்பிக் கொண்டுபோனேன். அரை மணி நேரம் எதையோ திருகினார்கள். அதன் பிறகு அலறல் நின்று வேறொன்று தொடங்கியது: 1,900க்கு ஏறும், 1,200க்கு விழும், மறுபடி ஏறும், விழும். ஓடிக் களைத்த நாய் மூச்சு வாங்குவது போல, சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம். "ஐட்லிங் வால்வு போயிற்று" என்றார்கள், கால் எடுத்திருக்கும்போது எஞ்சினுக்கு அளவாகக் காற்று விடும் வால்வு அது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தெரிந்தவர் மூலம் 18,000 ரூபாவுக்குப் பழைய வால்வு ஒன்று எடுத்துப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

நான் மெக்கானிக் இல்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளர். மல்டிமீற்றர் பிடிக்கத் தெரியும், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும் என்பது தெரியும், அவ்வளவுதான். அந்த இரண்டையும் வைத்து, கொடிகாமத்தில் கராஜை மூடிவிட்டு ஓய்வாக இருக்கும் ஒரு பழைய மெக்கானிக் அண்ணையின் துணையோடு இரண்டு வார இறுதிகளில் பிரச்சினையைப் பிடித்தோம். இதே வகை டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். வேறு கார் என்றால் வயர் நிறமும் கோட் இலக்கமும் மாறும், தேடும் வழி மாறாது.

பெட்டி மாறியது எஞ்சினுக்குத் தெரியாது

அண்ணை முதலில் கேட்ட கேள்வி இது: "தம்பி, பெட்டி மாத்த முதல் ஐட்லிங் எப்பிடி நிண்டது?" நன்றாக நின்றது என்றேன். "அப்ப வால்வு எப்பிடி அதே நாளில பழுதாகும்?"

கேட்டபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான்கு நாளுக்கு முன் 750இல் அமைதியாக நின்ற எஞ்சின், பெட்டி மாறிய பிறகு கெட்டது என்றால், பழுது அந்த நான்கு நாளில் கை பட்ட இடத்தில்தான் இருக்கும்.

ஓட்டோ பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் பல்லுச் சக்கரம் மட்டும் இல்லை. நியூட்ரலில் நிற்கிறேனா, டியில் நிற்கிறேனா என்று பெட்டி எஞ்சின் கொம்பியூட்டருக்குச் சொல்லும். ஓடும் வேகத்தைச் சொல்லும். எக்சிலேற்றர் எவ்வளவு மிதிக்கப்படுகிறது என்பதை ஒரு கேபிள் வழியாக எஞ்சினிடமிருந்து கேட்டுக்கொள்ளும். தன் ஒயிலை றேடியேற்றரின் அடியில் உள்ள குழாயில் குளிரவிட்டு எடுக்கும். போதாததற்குப் பெட்டியின் உடம்பிலேயே எர்த் வயர் பூட்டியிருக்கும். பெட்டியைக் கழற்றும்போது இந்த ஐந்தும் அறுகின்றன. மனுவல் பெட்டி இவற்றில் சிலதைத் திருப்பிக் கொடுக்கும், சிலதைக் கொடுக்காது. கொம்பியூட்டர் இன்னும் பழைய பெட்டியுடன்தான் குடும்பம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

எனவே சாமான் வாங்க முன், இந்த ஐந்தும் இப்போது எங்கே எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.

விளக்கைக் கண் சிமிட்ட விடுவது

அந்தக் காலத்து டொயோட்டாவில் கோட், அதாவது கொம்பியூட்டர் காட்டும் பழுது இலக்கம், பார்க்க ஸ்கேனர் தேவையில்லை. பொனற்றுக்குள் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கும், மூடியில் டயக்னோசிஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மூடியின் உட்பக்கத்தில் துளைகளின் பெயர்கள் உண்டு. எஞ்சின் சூடாகி, எக்சிலேற்றரில் கால் இல்லாமல், ஏசியை நிறுத்தி, கியர் நியூட்ரலில் இருக்கும்போது எஞ்சினை அணைத்து, டிஈ1, ஈ1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, ஸ்ராட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓனுக்குத் திருப்புங்கள். டாஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு சிமிட்டத் தொடங்கும். இடைவிடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் கோட் ஒன்றும் இல்லை. நாலு தரம், ஒரு நிறுத்தம், இரண்டு தரம் என்றால் 42. துளையை மாறிப் போடாதீர்கள், முக்கியமாக ஐஜி மைனஸ் என்ற துளையை எர்த்தில் முட்டவிடக் கூடாது. தீப்பொறியை இயக்கும் இக்னைட்டர் போய்விடும்.

பெட்டி மாற்றியவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு இலக்கங்கள். 42 என்றால் வேக சென்சரின் செய்தி வரவில்லை. 51 சாதாரண நாளில் யாரும் மதிக்காத கோட். ஏசி போட்டிருந்தாலோ, எக்சிலேற்றர் மூடிய நிலைக்கு வராமல் இருந்தாலோ, ஓட்டோ கியர் பார்க்கிலோ (பி) நியூட்ரலிலோ (என்) இல்லாமல் இருந்தாலோ இது வரும். இது நினைவில் பதியும் பழுதல்ல, பார்க்கும் அந்த நேரத்து நிலை மட்டும். அதனால் ஏசியை அணைத்து, காலை எடுத்துவிட்டுப் பார்க்கும்போதும் 51 வருகிறதென்றால் இரண்டில் ஒன்று: திராட்டில் (எக்சிலேற்றர் மிதிக்கும்போது திறந்து எஞ்சினுக்குக் காற்று விடும் தட்டு) மூடவில்லை, அல்லது உங்கள் மனுவல் கார் இன்னும் டியில் நிற்பதாகக் கொம்பியூட்டர் நம்புகிறது.

எனக்கு 42, 51 இரண்டும் வந்தன. 18,000 ரூபா வால்வைப் பற்றி ஒரு கோட்டும் வரவில்லை.

வால்வு உயிரோடு இருக்கிறதா என்று காசில்லாமல் பார்க்கவும் இதே துண்டு வயர் போதும். எஞ்சின் நன்றாகச் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது டிஈ1, ஈ1 இரண்டையும் இணைத்தால் ஐந்து செக்கன் போல 1,000 முதல் 1,300 ஆர்பிஎம்முக்கு ஏறி, தானாகத் திரும்பி வர வேண்டும். வந்தால் வால்வு கேட்டபடி அசைகிறது. ஐட்லிங் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது இது தெளிவாகத் தெரியாது, கீழே சொல்லும் கேபிள் விடயத்தை முடித்த பிறகு செய்யுங்கள்.

தேவையில்லாத ஒரு கேபிள்

திராட்டில் உடம்பைப் பாருங்கள். பக்கத்தில் அரை வட்டத் தட்டு ஒன்று இருக்கும், எக்சிலேற்றர் கேபிள் அதில்தான் மாட்டியிருக்கும். ஓட்டோ காரில் அதே இடத்தில் இரண்டாவது கேபிள் ஒன்றும் இருக்கும். அதுதான் கிக்டவுன் கேபிள். மறு நுனி பழைய பெட்டிக்குள் போகும். மனுவல் பெட்டியில் அதற்கு வேலையே இல்லை.

என் காரில் கராஜ்காரர் அந்தக் கேபிளைக் கீழ்ப்பக்கம் வெட்டிவிட்டு, தொங்காமல் இருக்க பிளாஸ்ரிக் ரை ஒன்றால் ஹோஸ் பைப் ஒன்றோடு சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அண்ணை விரலால் தட்டைத் தொட்டுப் பார்த்தார். "உது என்னத்துக்கு இதில கட்டிக் கிடக்கு?" ரையை வெட்டினார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். திராட்டில் தட்டு நிறுத்தும் திருகில் போய் முட்டிய சத்தம் அது. மயிரிழைதான் திறந்திருந்தது, ஆனால் எஞ்சினுக்கு அந்த மயிரிழை போதும் 1,600க்கு ஏற.

சரி, அப்படியென்றால் கராஜில் திருகிய பிறகு ஏன் அலறல் நின்று ஏறி இறங்கத் தொடங்கியது? இந்தப் பழுதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

திராட்டிலின் ஓரத்தில் கறுப்பு நிறத்தில் ஒரு சென்சர் இருக்கும், நாலு வயர் போகும். அதற்குள் ஐடிஎல் என்று ஒரு தொடுகை. திராட்டில் முழுதாக மூடும்போது அது சேரும், கொஞ்சம் திறந்ததும் பிரியும். "கால் எடுத்தாயிற்று" என்று கொம்பியூட்டருக்குத் தெரிவது அதால்தான். கேபிள் இழுத்திருந்தபோது தொடுகை பிரிந்தே இருந்தது. யாரோ மெதுவாக மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்த கொம்பியூட்டர் 1,600இல் விட்டுவிட்டது. கராஜில் அந்தச் சென்சரின் இரண்டு திருகையும் இளக்கி, தொடுகை சேரும்வரை சுற்றிப் பூட்டிவிட்டார்கள். இப்போது திராட்டில் திறந்திருக்கிறது, காற்று உள்ளே போகிறது, ஆனால் சென்சர் "மூடியாயிற்று" என்கிறது. கால் எடுத்திருந்தும் வேகம் இவ்வளவா? அப்படியென்றால் வண்டி இறக்கத்தில் உருள்கிறது, பெற்றோல் வீண் என்று முடிவெடுத்துக் கொம்பியூட்டர் பெற்றோலை வெட்டும். எஞ்சின் விழும். 1,200க்கு வந்ததும் அணையப் போகிறதே என்று திருப்பிக் கொடுக்கும். காற்றுத்தான் தாராளமாக இருக்கிறதே, மறுபடி ஏறும். மறுபடி வெட்டும். நாய் மூச்சு வாங்கியது இதனால்தான்.

இதிலிருந்து ஒரு அடையாளம் கிடைக்கிறது. ஐட்லிங் உயரத்தில் ஆடாமல் நின்றால் திராட்டில் மூடவில்லை, அல்லது ஐடிஎல் சேரவில்லை. ஏறி ஏறி இறங்கினால் ஐடிஎல் சேர்ந்திருக்கிறது, ஆனால் காற்று கூடப் போகிறது, என் காரில் போலத் திறந்த திராட்டில் வழியாகவோ வேறெங்காவது கசிந்தோ. முதலாவதுக்குக் கேபிளையும் சென்சரையும் பாருங்கள். இரண்டாவதுக்குக் காற்று எங்கே போகிறது என்று தேடுங்கள்.

திருத்தும் விதம் இதுதான். கிக்டவுன் கேபிளை அரைகுறையாகக் கட்டி வைக்காமல், பிறாக்கற்றோடு முழுதாகக் கழற்றி எடுங்கள். எக்சிலேற்றர் கேபிளில் சிறிது தளர்வு இருக்கிறதா பாருங்கள். பிறகு சென்சரின் திருகுகளை இளக்கி, திராட்டில் நெம்புக்கும் நிறுத்தும் திருகுக்கும் இடையில் 0.5 மில்லிமீற்றர் பீலர் தகட்டை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, மல்டிமீற்றரை சென்சரின் ஐடிஎல், ஈ2 முனைகளில் பிடித்து, தொடுகை சரியாகப் பிரியும் இடத்தில் சென்சரைப் பூட்டினேன். தகட்டை எடுத்தால் சேரும், வைத்தால் பிரியும். பத்து நிமிட வேலை. அந்த நிறுத்தும் திருகை மட்டும் ஒருவரும் தொடாதீர்கள். ஐட்லிங் சரியில்லை என்றதும் எல்லோருடைய ஸ்குரூட்ரைவரும் நேராக அங்கேதான் போகிறது. அதை ஒருமுறை மாற்றினால் இந்த அளவுகள் எல்லாம் பொருளிழந்துவிடும்.

நியூட்ரல் வயர்

கேபிளைத் திருத்திய பிறகு ஐட்லிங் 850க்கு வந்தது. ஆனால் 51 போகவில்லை. திராட்டில் மூடுகிறது என்று தெரிந்துவிட்டதால் இனி மிஞ்சியது ஒன்றுதான்.

ஓட்டோ பெட்டியின் மேலே நியூட்ரல் சுவிட்ச் இருந்தது. பியில் அல்லது என்னில் இருந்தால்தான் ஸ்ராட்டருக்குக் கரண்ட் விடும். அதே சுற்றிலிருந்து ஒரு வயர் கொம்பியூட்டருக்கும் போகும். பி, என் என்றால் அந்த வயரில் ஏறக்குறைய பூச்சியம் வோல்ற், வேறு எதிலாவது இருந்தால் 9 வோல்ற்றுக்கு மேல். என் காரில் சாவியிலிருந்து ஸ்ராட்டருக்குப் புது வயர் ஒன்றை நேரே இழுத்துவிட்டு, பழைய சொக்கற்றை அப்படியே தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்ராட் ஆகிறது, யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கொம்பியூட்டர் கார் எப்போதும் டியில் நிற்பதாக நினைத்து, ஓட்டோ பெட்டியில் கிளச்சுக்குப் பதிலாக இருக்கும் டோர்க் கொன்வேட்டரின் இழுவையைத் தாங்க வேண்டிய காற்றைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தது. இழுவையைத் தர அந்த டோர்க் கொன்வேட்டர் இப்போது பழைய இரும்புக் குவியலில் கிடக்கிறது.

புது வயரைக் கழற்றிவிட்டு, தொங்கிய சொக்கற்றில் உள்ள இரண்டு தடித்த வயர்களையும் ஒன்றாக இணைத்தால் போதும். ஸ்ராட்டரும் பழைய வழியில் வேலை செய்யும், கொம்பியூட்டரும் நியூட்ரல் என்று எடுத்துக்கொள்ளும். சும்மா முறுக்கி டேப் ஒட்டாமல், ஈயம் வைத்துப் பற்றி, சுருங்கும் குழாய் போட்டேன். எஞ்சின் சூட்டில் டேப் இரண்டு மாதத்தில் பிசினாகி உரியும். மெல்லிய வயர்களைத் தொட வேண்டாம், அவை டாஷ்போர்டில் பி, ஆர், என், டி விளக்குகளுக்குப் போகிறவை. ரிவேர்ஸ் லைற்றுக்கான இரண்டை மட்டும் மனுவல் பெட்டியில் உள்ள ரிவேர்ஸ் சுவிட்ச்சுக்குக் கொண்டுபோங்கள்.

ஓர் எச்சரிக்கை. இப்படி இணைத்த பிறகு கார் கியரில் நின்றாலும் ஸ்ராட்டர் சுற்றும். எங்கள் வீட்டில் இருபது வருடம் ஓட்டோவே ஓட்டிப் பழகியவர்கள் இருக்கிறார்கள், காரை முதலாம் கியரில் விட்டுச் சாவியைத் திருப்பினால் மதிலுக்குத்தான் போகும். அதனால் இணைப்பின் நடுவில் கிளச் பெடலுக்கு ஒரு சுவிட்ச் வைத்து, மிதித்தால்தான் ஸ்ராட் ஆகும்படி செய்யலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் காலை எடுக்கும் நேரமெல்லாம் கொம்பியூட்டர் மறுபடி டி என்று நினைக்கும். சுவிட்ச்சை ஸ்ராட்டர் ரிலே பக்கம், கொம்பியூட்டரின் வயரைத் தொடாத இடத்தில் வைக்க வேண்டும். வயரிங் தெரிந்த ஒருவரிடம் அதைச் செய்விப்பது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

எர்த்

பெட்டியிலிருந்து பொடிக்குப் போகும் பின்னல் எர்த் வயரைப் பூட்ட மறப்பது சாதாரணம். பூட்டியிருந்தாலும் பெயின்ற்றின் மேல் பூட்டியிருப்பார்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைற்றும் ஏசியும் போட்டுவிட்டு, மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் கட்டையிலும் மற்றதை எஞ்சின் புளொக்கிலும் வையுங்கள். 0.1 வோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. 0.3, 0.4 என்று காட்டினால் எர்த் சரியில்லை, ஹெட்லைற் போட்டால் ஐட்லிங் ஆடுவது அதன் ஓர் அடையாளம். இன்ரேக் மனிபோல்டில் (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) பூட்டியிருக்கும் கொம்பியூட்டரின் எர்த் வயர்களையும் ஒருக்காக் கழற்றி, மண்தாளால் உரஞ்சிப் பூட்டுங்கள். என் காரில் எர்த் நன்றாகவே இருந்தது, ஆனால் பார்க்காமல் அதைச் சொல்லியிருக்க முடியாது.

காற்றும் தண்ணீரும்

இந்த எஞ்சினில் உள்ளே போகும் காற்றை நேரே அளக்கும் கருவி இல்லை. மனிபோல்டின் வெற்றிட அழுத்தத்தை ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக அளந்து, அதற்கேற்ப பெற்றோல் விடும். அதனால் மனிபோல்டில் ஒரு ஹோஸ் கழன்றால் எஞ்சின் நடுங்கி நிற்காது, அந்தக் காற்றுக்கும் பெற்றோல் சேர்த்து வேகமாக ஓடும், பிறகு மேலே சொன்ன வெட்டு விளையாட்டு தொடங்கும். ஏயார் பில்டரிலிருந்து திராட்டில்வரை வரும் பெரிய றப்பர் குழாயில் வெடிப்பு என்றால் தூசி போகும், அது கூடாதுதான், ஆனால் இந்தக் காரில் ஐட்லிங்கைக் கெடுப்பது அது அல்ல. காற்றளவு மீற்றர் உள்ள கார்களில் மட்டுமே அது பெரிய குற்றவாளி. என்னிடம் அந்தக் குழாயையும் மாற்றச் சொன்னார்கள்.

ஹோஸ்களைத் தேட பெற்றோலோ கார்புரேற்றர் ஸ்பிரேயோ அடிக்காதீர்கள், பக்கத்தில் புகை போகும் சூடான மனிபோல்ட் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸாகத் துணி சுற்றிய பிளையரால் நசியுங்கள். பிறேக் பூஸ்ரர் ஹோஸ், எஞ்சின் மூச்சுவிடும் பிசிவி ஹோஸ், பவர் ஸ்ரீயரிங் பம்பிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஹோஸ்கள். எதை நசிக்கும்போது ஐட்லிங் சட்டென்று இறங்குகிறதோ அங்கே தேட வேண்டும். வெற்றிட சென்சரின் ஹோஸ் கழன்றிருந்தால் மட்டும் கதை மாறும், கறுப்புப் புகையும் பெற்றோல் மணமுமாக எஞ்சின் மூச்சுத் திணறும்.

தண்ணீர் ஐட்லிங்கைக் கெடுக்கும் என்று நானும் நம்பவில்லை. ஓட்டோ பெட்டியின் ஒயில் குழாய்கள் றேடியேற்றரின் அடியில் இருந்தன, அந்த வேலையில் றேடியேற்றரைக் கழற்றினாலோ மாற்றினாலோ தண்ணீர் வெளியேறும். திரும்ப நிரப்பும்போது மேலே காற்று அடைபட்டுக் கிடக்கும். ஐட்லிங் வால்வுக்குள் தண்ணீர் ஓடும் வழி உண்டு, வெப்ப சென்சரும் ஹெட்டின் பெட்டிப் பக்க முனையில்தான் இருக்கிறது. சென்சரைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் காற்று இருந்தால் சூடான எஞ்சினைக் குளிர் என்று சொல்லும், ஐட்லிங் உயரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, காரின் மூக்கை ஏற்றமான இடத்தில் நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து (யாழ்ப்பாணத்து வெயிலில் ஹீற்றர் போடுகிறாயா என்று பக்கத்து வீட்டார் கேட்டார்), றேடியேற்றர் பான் இரண்டு தரம் சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு, குமிழி நின்ற பிறகு நிரப்பி மூடுங்கள். என் காரில் முக்கால் லீற்றர் உள்ளே போனது. ஐட்லிங் 850இலிருந்து 750க்கு இறங்கியது அதன் பிறகுதான்.

வெப்ப சென்சரின் சொக்கற், தீப்பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரின் சொக்கற் இரண்டும் பெட்டியின் மேல்தான் இருக்கின்றன. பெட்டியை இறக்குபவரின் கை அவற்றில் படாமல் இருக்காது. கிளிப் உடைந்து பாதி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நிற்கப் போகும்போது அணைவது

ஐட்லிங் சரியாகிவிட்டது என்று மகிழ்ந்திருந்த கிழமை, சந்தியில் நிறுத்தும்போதெல்லாம் எஞ்சின் அணைந்தது, பெரும்பாலும் மனைவி ஓட்டும்போது. ஓட்டோ பழகிய கால், கிளச் மிதிக்கப் பிந்துகிறது என்று ஒரு கிழமை சொல்லிக்கொண்டிருந்தேன். "நீங்கள் ஒருக்கா ஏசி போட்டு ஓட்டிப் பாருங்கோ" என்றார். ஓட்டினேன். கிளச்சை மிதித்து நியூட்ரலில் உருண்டு வந்தேன், தபால் கந்தோர் வளைவில் அணைந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கோட் 42ஐ மறந்து விட்டிருந்தேன். ஓடும் காரில் காலை எடுக்கும்போது ஐட்லிங் சடாரென்று விழாமல் தாங்கிப் பிடிக்க, கார் ஓடுகிறது என்பது கொம்பியூட்டருக்குத் தெரிய வேண்டும். வேகச் செய்தி பெட்டியிலிருந்து முதலில் ஸ்பீடோ மீற்றருக்கு வந்து, அங்கிருந்துதான் கொம்பியூட்டருக்குப் போகிறது. எனவே பார்க்கும் வழி சுலபம். ஸ்பீடோ முள் அசையவில்லை என்றால் பெட்டிப் பக்கத்தில் தேடுங்கள்: சென்சர் மாட்டியிருக்கிறதா, வாங்கிப் போட்ட மனுவல் பெட்டியில் வந்தது கேபிள் ஸ்பீடோவுக்கான முனையா. முள் அசைந்தும் 42 வந்தால் மீற்றருக்கும் கொம்பியூட்டருக்கும் இடையிலான வயர். எனக்கு முதலாவது. முள் சில நேரம் அசையும், சில நேரம் தூங்கும், அதைப் "பழைய கார்தானே" என்று விட்டிருந்தேன். மனுவல் பெட்டியோடு வந்த சென்சரின் சொக்கற் வேறு வடிவம், அதனால் மூன்று வயரையும் வெட்டி முறுக்கி இணைத்திருந்தார்கள், ஒன்று இளகிப்போயிருந்தது. பற்றிச் சரிசெய்த பிறகு அணைவது நின்றது. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டதைத் தனியாக எழுதத் தேவையில்லை.

இவ்வளவும் முடிந்தபின், பெற்றோல் விடும் தொகுதிக்கான ஈஎஃப்ஐ பியூஸை ஒரு நிமிடம் கழற்றிப் போடுங்கள், கொம்பியூட்டர் பழைய பழக்கத்தை மறக்கட்டும். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, டிஈ1, ஈ1 இரண்டையும் இணைத்து, ரைமிங் லைற்றால் தீப்பொறி நேரம் 10 டிகிரி வருகிறதா பாருங்கள். டிஸ்ரிபியூட்டரை யாரும் அசைக்காவிட்டால் வரும்.

இன்னும் ஒன்று. ஐட்லிங் 750இல் அமைதியாக நின்றும் ஸ்ரீயரிங்கிலும் சீற்றிலும் நடுக்கம் இருந்தால் அது எஞ்சின் மிஸ்ஸிங் அல்ல, எஞ்சினைத் தாங்கும் மவுன்ற். புதுப் பெட்டியைப் பூட்டும்போது மவுன்ற்றுகள் முறுகியபடி இறுகியிருக்கும். எல்லா மவுன்ற் போல்ற்றையும் இளக்கி, எஞ்சினைக் கையால் உலுப்பி, தானாக உட்காரவிட்டுப் பிறகு இறுக்குங்கள். நியூட்ரலில் கறகறவென்று சத்தம் வந்து, கிளச்சை மிதித்ததும் நின்றால் அது பெட்டியின் பேறிங். அதற்கும் ஐட்லிங்குக்கும் தொடர்பில்லை, பெட்டி விற்றவரிடம்தான் போக வேண்டும்.

வருட லைசன்ஸுக்கான புகைப் பரிசோதனை அடுத்த மாதம் வந்தது. பெற்றோல் காரை ஐட்லிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் வைத்துத்தான் பார்ப்பார்கள். குழாயைப் பின்னால் செருகிவிட்டுப் பரிசோதகர் தம்பி உள்ளே எட்டிப் பார்த்தார். "அண்ணை, எஞ்சின் ஸ்ராட்டில இருக்கா?" என்று கேட்டார்.